தவணைக்குப் போய்ச் சேராத சலுகை



கல்விக்கடன் வாங்குவது எப்படி என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் முகாம் நடத்துகின்றன. வித்யாலட்சுமி இணையதளம் 2015 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. எந்த வங்கி, என்ன சான்றிதழ், யார் கையெழுத்து என்று சொல்லித்தர இந்த ஊரில் இசேவை மையக்காரர்கூடத் தயார். நான் இன்று பேச வந்தது அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றி. பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து, மாதம் பிறந்தால் தவணை கட்டத் தொடங்கிய பிறகு அந்தப் பிள்ளைக்கு அரசு எந்த வகையில் துணை நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. தாம்பரத்தில் நெடுங்காலம் வருமான வரிக் கணக்கு பார்த்துவருகிறவன் என்பதால் இந்தக் கேள்வி ஒவ்வொரு ஜூலை மாதமும் என் மேசைக்கு வந்துவிடுகிறது.

இதைத் தாம்பரத்தில் வைத்துப் பேசுவதில் பொருத்தம் இருக்கிறது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து இங்கே வந்தது. 1949இல் சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தில் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். 1984இல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. இன்று பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் ஒரே ரயில் பாதையில் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவற்றில் படித்தவர்கள் முதல் வேலைக்குப் போகும் அலுவலகங்கள், அவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து தங்கும் வாடகை வீடுகள் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. வேளச்சேரி சாலை வழியாக மேடவாக்கத்தைத் தாண்டினால் ஓ.எம்.ஆர். வந்துவிடும். கடன் வாங்கும் இடமும் கட்டும் இடமும் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

அரசு உதவியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010-11 முதல் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் தொழிற்கல்வியில் ஏழரை சதவீத இடமும், கட்டணத்தை அரசே ஏற்கும் ஏற்பாடும் இருக்கின்றன. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கும் இவை கிடைக்காது. நம் புறநகரில் அப்படிச் சேர்கிறவர்கள் ஏராளம். அவர்கள் போவது வங்கிக்குத்தான்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொறுமையாகக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு நான்கு லட்சம் கடன். பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டும், அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி தூங்குவதில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி அந்தக் காலத்துக்குத் தனிவட்டிதான் போடுவார்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000. அடுத்தது 30,000. கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக 1,40,000 ரூபாய் அசலோடு சேர்கிறது. முதல் தவணை கட்டும் நாளன்று பிள்ளையின் கணக்கில் நிற்பது 5,40,000.

இதைப் பதினைந்து ஆண்டுகளில் அடைக்க வேண்டும் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,803 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தெரியாது. மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பளத்துக்கு மெப்ஸிலோ பெருங்குடியிலோ வேலை பார்க்கிறவருக்கு, பி.எஃப். பிடித்தம் போக வருவதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அது. முதல் பன்னிரண்டு தவணைகளில் அவர் கட்டும் 69,600 ரூபாய் சொச்சத்தில் 53,000க்கும் மேலானது வட்டி. அசலில் கழிவது 16,400 மட்டுமே. கணக்கு அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்க்கும் பிள்ளைகளின் முகம் அந்த இடத்தில்தான் மாறும். பன்னிரண்டு மாதமும் ஒழுங்காகக் கட்டியிருப்பார், வரவு வரிசையில் பன்னிரண்டு வரி இருக்கும், கடைசி நிலுவைக் கட்டத்தில் இன்னமும் 5,23,000க்கு மேல் நிற்கும். எட்டு ஆண்டு கட்டிய பிறகும் மூன்றரை லட்சம் பாக்கி இருக்கும். பதினைந்து ஆண்டும் முடிந்து பார்த்தால், நான்கு லட்சத்துக்குக் கட்டியது பத்து லட்சத்து நாற்பத்து நான்காயிரம்.

இந்த இடத்தில் வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு வருகிறது. தவணை கட்டும் பட்டதாரிக்கு வரிச் சட்டத்தில் இருக்கும் ஒரே கதவு அது. முதலில் 25,000 ரூபாய் வரை, பிறகு 40,000 ரூபாய் வரை அசலும் வட்டியும் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2005ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதை மாற்றியது. அசலுக்குக் கழிவு கிடையாது, வட்டிக்கு மட்டும், ஆனால் உச்சவரம்பு இல்லை என்றானது. 2007இல், தனக்காக மட்டுமல்லாமல் கணவன் அல்லது மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வாங்கிய கடனுக்கும் பொருந்தும் என்று விரித்தார்கள். 2009இல், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் படிக்கும் எந்தப் படிப்பும் உயர்கல்விதான் என்று விளக்கம் தந்தார்கள். சட்டப்படி பாதுகாவலராக இருந்து படிக்கவைத்த பிள்ளையும் சேர்ந்தார்.

நல்ல பிரிவுதான். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் அது யாருக்குப் பயன்படுகிறது?

80இ தருவது வருமானத்தில் கழிவு. கட்டிய வட்டியை மொத்த வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்துக்கு வரி போடுவார்கள். ஆகவே வரியே கட்ட வேண்டாதவருக்கு அதனால் ஒரு ரூபாய் பயனும் இல்லை. ஐந்து சதவீத வரி வீதத்தில் இருப்பவருக்கு, நாம் பார்த்த 53,000 ரூபாய் வட்டிக்குக் கூடுதல் தீர்வை நீங்கலாக மிச்சமாவது அதிகம் போனால் 2,650 ரூபாய். அரைத் தவணைகூட இல்லை. முப்பது சதவீத வரி கட்டுகிறவருக்கு அதே கடனில், அதே வட்டிக்கு, கூடுதல் தீர்வையையும் சேர்த்தால் 16,536 ரூபாய் மிச்சம். கிட்டத்தட்ட மூன்று தவணை. ஒரே வகுப்பில் படித்து ஒரே கடனை வாங்கிய இருவரில், யாருக்குத் தவணை கட்டுவது எளிதோ அவருக்குச் சலுகை அதிகம். யார் திணறுகிறாரோ அவருக்கு ஒன்றுமில்லை.

இது முன்பிருந்தே இருந்த குறை. கடந்த சில ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்திருக்கிறது, அதைப் பலர் கவனிக்கவில்லை. 2020இல் புதிய வரிமுறையைக் கொண்டுவந்தார்கள். வீத அட்டவணை குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் கிடையாது. 80இ கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறையே இயல்பான முறை. பழைய முறை வேண்டும் என்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்தால் பன்னிரண்டே முக்கால் லட்சம். மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்பது பல காலமாக நகராத சம்பளம். அவர் எங்கே, பன்னிரண்டே முக்கால் லட்சம் எங்கே?

வரி குறைந்ததை நான் குறை சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. நான் சொல்வது வேறு. எட்டு லட்சம் சம்பளம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கடன் இல்லை, அப்பா கட்டணம் கட்டிவிட்டார். இன்னொருவர் மாதாமாதம் தவணை கட்டுகிறார். இருவருக்கும் வரி இல்லை. ஒருவர் தோளில் இருக்கும் கடனைச் சட்டம் இப்போது பார்ப்பதே இல்லை. 80இ புத்தகத்தில் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நிறைவேற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் வேறு எண்ணோடு இருக்கிறது. ஆனால் இன்று அதனால் உண்மையிலேயே பயன் பெறுகிறவர், வெளிநாட்டுப் படிப்புக்கு நாற்பது ஐம்பது லட்சம் கடன் வாங்கி, உயர்ந்த சம்பளத்தில் இருந்துகொண்டு பழைய முறையைத் தேர்ந்தெடுக்கிறவர்தான். கூடுவாஞ்சேரியில் நான்கு லட்சம் கடனோடு இருப்பவர் அல்ல.

ஜூலை மாதத்தில் என்னிடம் வரும் பிள்ளைகள் படிவம் 16ஐயும் வங்கி தந்த வட்டிச் சான்றிதழையும் சேர்த்துப் பின் அடித்துக் கொண்டுவருவார்கள். “சார், இதுக்கு ரீஃபண்ட் வருமா?” என்று கேட்பார்கள். யாரோ கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். வரி பிடித்திருந்தால்தான் திரும்ப வரும், உனக்குப் பிடித்தமே இல்லையே அம்மா என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்க அவர் அரைநாள் விடுப்பு போட்டுக் கிளைக்குப் போயிருப்பார்.

இரண்டாவது குறை, காலக்கணக்கு. 80இ கழிவு எட்டு ஆண்டுகளுக்கு மட்டும். வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டும், அதை அடுத்த ஏழு ஆண்டுகளும். ஒரு காலத்தில் கல்விக்கடனை ஐந்திலிருந்து ஏழு ஆண்டுக்குள் அடைக்க வேண்டும் என்று இருந்தபோது அது பொருந்தியது. இப்போது பதினைந்து ஆண்டு வரை தருகிறார்கள். நம் கணக்கில் எட்டு ஆண்டுக்குப் பிறகும் கட்ட வேண்டிய வட்டி 1,38,000 ரூபாய். அதற்குச் சலுகை இல்லை. பதினைந்து ஆண்டுத் தவணையை ஏற்றுக்கொண்டவர் யார்? அதிகத் தொகை கட்ட முடியாதவர்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் அறிந்தவரை இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த அரங்கிலிருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளி இருக்கும் எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் 1950களில் சேர்ந்தார். சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. ராமேசுவரத்துக் குடும்பத்தில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹ்ரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சம்பாதித்து அந்த நகைகளை மீட்டுத்தருவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டதாகக் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். குரோம்பேட்டைக்கு வந்த கல்விக்கடன்களில் நாடறிந்த கடன் அது. கொடுத்தவர் அக்கா.

இன்றைக்கு அப்படி ஓர் அக்கா, தம்பியின் படிப்புக்காகத் தன் பெயரில் வங்கியில் கல்விக்கடன் வாங்கி, தன் சம்பளத்தில் வட்டி கட்டினால் 80இ அவருக்குக் கிடைக்குமா? கிடைக்காது. சட்டம் சொல்லும் உறவில் தன் துணை, தன் பிள்ளைகள், சட்டப்படி தன் பாதுகாப்பில் உள்ள மாணவர், இவ்வளவுதான். உடன்பிறந்தவர் இல்லை. நகையை அடகு வைத்த பணத்துக்கும் இல்லை. அது நகைக்கடன். வங்கியோ, மத்திய அரசு இதற்கென்று அறிவித்த நிதி நிறுவனமோ, அனுமதி பெற்ற அறநிறுவனமோ உயர்கல்விக்கென்று கொடுத்த கடனுக்குத்தான் கழிவு உண்டு.

நம் வீடுகளில் யார் தவணை கட்டுகிறார்கள் என்று பாருங்கள். அப்பாவுக்கு அறுபது ஆகிவிட்டது, அல்லது வேலை நின்றுவிட்டது. தம்பி இன்னும் அரியர் எழுதிக்கொண்டிருக்கிறான். மூத்தவள் வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய சொந்தக் கடன் ஒன்று, தம்பியின் கடன் ஒன்று. முடிச்சூரிலிருந்து தினமும் சோழிங்கநல்லூருக்குப் போய்வரும் ஒரு பெண் இரண்டு கணக்குகளின் வட்டிச் சான்றிதழையும் என்னிடம் கொண்டுவந்தார். அந்த ஆண்டில் அவருக்கு வரி பிடித்திருந்தார்கள், பழைய முறையில் கணக்கு போட்டால் உண்மையாகவே பயன் இருந்தது. தன் பெயரில் உள்ள கடனுக்குப் போட்டுக்கொடுத்தேன். தம்பி கணக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தவணையை நிறுத்துவாரா? நிறுத்த மாட்டார். திருமணத்தைத்தான் தள்ளிப்போடுவார்.

2007இல் ஒரு திருத்தம், 2009இல் ஒரு திருத்தம் என்று இந்தப் பட்டியலை விரித்திருக்கிறார்கள். உடன்பிறந்தோர் என்று சேர்ப்பதற்கு இன்னொரு நிதி மசோதாவில் ஒரு வரி போதும். அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தத் திருத்தமும் வரி கட்டுகிற அக்காவுக்குத்தான் உதவும். ஆகவே இதோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

இந்த நாட்டில் கல்விக்கடன்காரருக்குக் கிடைத்த பெரிய நன்மைகள் வரிச் சட்டத்தின் வழியாக வந்தவை அல்ல. 2009-10 முதல், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தொழிற்படிப்புக்கு வாங்கும் கடனுக்கு, படிக்கும் காலமும் அதன்பின் ஓர் ஆண்டும் சேரும் வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கிறது. கனரா வங்கி இதற்குப் பொறுப்பு வங்கி. நம் கணக்கிலிருந்த 1,40,000 ரூபாய் அப்படியே போய்விடும். தவணை 5,803இலிருந்து 4,300க்கு இறங்கிவிடும். 80இ எந்தக் காலத்திலும் இந்த அளவு உதவியதில்லை. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம், 2009 மார்ச் 31க்கு முன் கடன் வாங்கி இந்தத் திட்டத்தைத் தவறவிட்டவர்களின் நிலுவை வட்டியை அரசு ஏற்கும் என்றார். ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேருக்கு 2,600 கோடி ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு, குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று சதவீத வட்டி மானியம் தருகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு.

இவற்றின் பொதுவான நல்ல குணம் ஒன்று உண்டு. பணம் நேராகக் கடன் கணக்கில் விழுகிறது. வரி கட்டினாயா என்று கேட்பதில்லை. குறைகளும் உண்டு. வருமானச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், கிளை உரிய காலத்தில் ஆண்டுதோறும் கோரிக்கையைப் பதிவேற்ற வேண்டும். ஒரு கிளை மறந்தால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. 2009-10 திட்டத்தைத் தொழிற்படிப்புக்கு என்று வைத்ததால் பி.ஏ., பி.காம். படிக்கும் பிள்ளைகள் ஆரம்பத்திலிருந்தே வெளியில். மிகப் பெரிய குறை, மானியம் நிற்கும் இடம். தவணை தொடங்குகிற மாதத்தோடு உதவி முடிந்துவிடுகிறது. வேலை கிடைத்துவிட்டது, இனி அவன் பாடு என்று கணக்கு. முதல் ஐந்து ஆண்டுச் சம்பளம் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதப்பட்ட திட்டம் எதுவும் இதுவரை இல்லை.

வெளியில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் வடகிழக்கில் மெய்ன் என்று ஒரு சிறிய மாநிலம். படித்த இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கவலை. 2008 முதல், அங்கேயே தங்கி வேலை பார்த்துக் கடன் கட்டுகிறவர்களுக்கு மாநில வரியிலேயே கழித்துக் கொடுக்கிறார்கள். 2022இல் அதை எளிமையாக்கினார்கள். ஆண்டுக்கு 2,500 டாலர் வரை, வாழ்நாளில் 25,000 டாலர் வரை. கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம் 80இக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கும் அது போய்ச் சேர்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1989 முதல் வேறொரு வழி. வருமான வரித் துறையே கல்விக்கடனை வசூலிக்கிறது. சம்பளம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த ஆண்டு தவணையே கிடையாது. 2025இல் அந்த வரம்பை 67,000 ஆஸ்திரேலிய டாலருக்கு உயர்த்தியதோடு, எல்லாருடைய நிலுவையிலும் இருபது சதவீதத்தைக் குறைத்தார்கள். இங்கிலாந்திலும் வரம்புக்கு மேலுள்ள சம்பளத்தில் ஒன்பது சதவீதத்தைச் சம்பளப் பட்டியலிலேயே பிடிக்கிறார்கள். வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். வீட்டு வாசலுக்கு ஆள் வருவதில்லை.

நம்மிடம் ஆள் வருகிறார்கள். 2016இல் மதுரையில், படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் வசூல் நெருக்கடியைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு லட்சத்துக்கும் குறைவான கடன். வங்கி அந்தக் கடனை ஒரு தனியார் நிறுவனத்திடம் வசூலுக்கு மாற்றியிருந்தது. அதற்குப் பிறகாவது கல்விக்கடன் வசூலை வாகனக் கடன் வசூல் போல நடத்தக்கூடாது என்று சட்டம் வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்துவிடலாமா? 2021 தேர்தல் களத்தில் அந்த வாக்குறுதியைக் கேட்டோம். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: மொத்தத் தள்ளுபடியை நான் ஏற்கவில்லை. வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்திவிட்டு, சிபில் மதிப்பெண் சரிந்து, பிறகு வீட்டுக்கடனுக்கு அலைந்து நிற்கும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒழுங்காகக் கட்டிமுடித்தவருக்குத் தள்ளுபடியில் ஒன்றும் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் கைகொடுப்பதுதான் நியாயம்.

ஆகவே நான் கேட்பது இது. தவணை தொடங்கிய பிறகும், பட்டதாரியின் சொந்த ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் ஆண்டுகளில், அவர் அந்த ஆண்டில் கட்டிய வட்டியில் ஒரு பகுதியை அரசு அவருடைய கடன் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஐம்பத்து மூவாயிரத்தில் பாதியை வரவு வைத்தாலும் அசல் ஒரே ஆண்டில் 26,000 குறையும். கடன் சில ஆண்டுகள் முன்னதாகவே முடியும். வரம்பு ஆறு லட்சமா, எட்டு லட்சமா என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் பேசட்டும். புதிய சான்றிதழ் எதுவும் தேவையில்லை. பான் எண்ணின் கீழ் அவருடைய சம்பளம் வருமான வரித் துறைக்குத் தெரியும். வட்டி வங்கிக்குத் தெரியும். 80இ கேட்பவரிடம் கடன் கணக்கு எண்ணையும் நிலுவையையும் வரித்தாக்கல் படிவம் இப்போதே கேட்கிறது. தம்பிக்காகக் கட்டும் அக்காவும் இதில் தாமாக உள்ளே வந்துவிடுவார், ஏனென்றால் வரவு போவது தம்பியின் கணக்குக்கு.

வரி கட்டுகிறவர்கள் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். 80இ வழியாக இன்றும் அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மேல்மட்டச் சம்பளக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறோம். அதே பணத்தைத் திசை திருப்பச் சொல்கிறேன். மத்திய அரசு தயங்கினால் தமிழ்நாடு தொடங்கலாம். கல்லூரி மாணவிக்கு மாதம் ஆயிரம் தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வனை 2024இலும் தொடங்கி நடத்திக்காட்டிய மாநிலம் இது. கல்விக்கடனை அதிகம் வாங்கும் மாநிலங்களில் நாமும் கேரளமும் முன்னணியில் இருப்பதால், முதலில் யோசிக்க வேண்டிய கடமையும் நமக்குத்தான்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால், உங்கள் கணக்குக்கு வட்டி மானியக் கோரிக்கை இந்த ஆண்டு பதிவேற்றப்பட்டதா என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கேளுங்கள். மானியம் இல்லாதவர்கள், வீட்டில் முடிந்தால், படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் கட்டிவிடப் பாருங்கள். முதல் லட்சத்துக்கு மாதம் 830 ரூபாய் அளவுதான் வரும், அப்படிக் கட்டுகிறவருக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. கடன் யார் பெயரில் இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். அப்பா பெயரில் மட்டும் கடன் இருந்து தவணையை நீங்கள் கட்டினால், பிற்காலத்தில் நல்ல சம்பளம் வந்தாலும் உங்களால் கழிவு கேட்க முடியாது. வேலை போய்விட்டால் தவணையை விட்டுவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிடாதீர்கள். கிளை மேலாளரை நேரில் பார்த்துத் தவணைக்காலத்தை மாற்றித்தரக் கேளுங்கள். வேலையில்லாக் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கத் திட்டத்திலேயே இடம் உண்டு. வாய்மொழியாகக் கேட்டால் இல்லை என்பார்கள், கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கணக்கு அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.